குதிரையிலிருந்து இறங்கிய பொன்னுச்சாமி அண்ணன்

முப்பத்தொரு வருடம் ஸ்பிரிங்வெளிப் பக்கம் தபால் கொடுத்தவன் நான். சாவுச் செய்தி எத்தனையோ கொண்டுபோயிருக்கிறேன். தந்தி வந்த காலத்தில், வாசலில் நிற்பவர்கள் என் முகத்தைப் பார்த்ததுமே ஒப்பாரியைத் தொடங்கிவிடுவார்கள். அப்படி ஒரு முகம் எனக்கு என்று பொன்னுச்சாமி அண்ணன் கேலி செய்வார். அந்த முகத்துக்காகத்தான் தன் படத்தில் என்னை வில்லனாகப் போட்டார். இவ்வளவு அனுபவம் இருந்தும், எனக்கென்று வந்த செய்தி எனக்கு விளங்கவில்லை.

பாதி முகம் சவரம் செய்து, மீதி முகத்தில் சவர்க்கார நுரையோடு நின்றபோதுதான் பதுளை வீடியோக் கடை நியாஸ் நானா ஃபோனில் கூப்பிட்டார்.

“வேலு அண்ணன், பொன்னுச்சாமி அண்ணன் போயிட்டாரு.”

“எங்க போயிட்டாரு? தெமோதரைக்கா? தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கே!”

மறுபக்கம் பேச்சில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நியாஸ் நானா பேச்சை நிறுத்தி நான் பார்த்ததேயில்லை. அதில்தான் எனக்கு விளங்கியது. அப்படியே பஸ் ஏறிவிட்டேன். சாவு வீட்டில் என்னைப் பார்த்த நீங்களெல்லாம், துக்கத்தில் பாதித் தாடியோடு வந்திருக்கிறான், பாவம், என்று நினைத்திருப்பீர்கள். துக்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. மீதி முகத்தை மறந்துபோனேன். அண்ணன் பார்த்திருந்தால், “மூஞ்சிக்கும் அரைப்பேர்தானாடா?” என்று கேட்டிருப்பார்.

தோட்டத்தில் அரை நாள் வேலைக்கு அரைப்பேர், முழு நாளுக்கு முழுப்பேர். அண்ணன் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். மலையில் கொழுந்து பறிப்பவர்களை மேற்பார்க்கும் வேலை. அந்தப் பழக்கத்திலேயே படத்தையும் இயக்கினார். காலையில் நடிகர்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார். வசனம் பிசகினால் “அரைப்பேர்!” என்று சத்தம் போடுவார். ஷூட்டிங் முடியும்வரை எனக்கு ஒரு நாள்கூட முழுப்பேர் கிடைக்கவில்லை. வில்லனை இயக்குநருக்கே பிடிக்கக் கூடாது என்று ஏதாவது சட்டம் உண்டா? கேட்டால் சிரிப்பார்.

“தொப்பியும் தோட்டாவும்” என்ற அந்தக் கௌபாய் படம் வந்து பதினைந்து வருடம் இருக்கும். படத்தைப் பார்க்காத ஆள் நம் தோட்டத்தில் இல்லை. ஆனால் அண்ணன் இருந்தவரை அதன் கடைசி ஒன்பது நிமிடத்தைப் பார்த்த ஆளும் இல்லை. அந்த ஒன்பது நிமிடத்தை நம் ஆட்கள் பார்க்க வேண்டும் என்பதுதான் அண்ணனுடைய ஒரே ஆசை. பிறகு அதைக் காட்டாமலே மறைத்து வைத்தவரும் அவர்தான். தீபாவளிக்குத் தீபாவளி பதுளை பஸ் நிலையத்தில் அந்தக் கௌபாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு நின்றாரே, ஏன் என்று உங்களில் பலர் என்னைக் கேட்டிருக்கிறீர்கள். “பைத்தியம்” என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். மன்னித்துக்கொள்ளுங்கள். இப்போது சொல்கிறேன்.

இளவட்ட வயதில் பதுளைத் தியேட்டருக்கு நடந்தே போய்க் கௌபாய் படம் பார்த்தவர் அண்ணன். “வேலு, அது நம்ம கததான்டா,” என்பார். “ஒரு துரை இருக்கான். நெலமெல்லாம் அவனோடது. தண்ணியும் அவனோடது. ஜனம் பயந்து சாகுது. நம்மகிட்ட இல்லாதது குதிர ஒண்ணுதான்.” கதாநாயகன் அவர். ஊர்த் தண்ணீரை மறித்த கறுப்புத் தொப்பிக்காரன் நான். கதாநாயகனின் மனைவியாக அவருடைய மனைவி மரகதம் அண்ணியே நடித்தார். “வேற பொம்பளையத் தொட்டு நடிச்சா சோத்துல கை வைக்க முடியாது” என்று அண்ணி சொல்லிவிட்டதால் வந்த தேர்வு அது. கெமராவும் எடிட்டிங்கும் நியாஸ் நானா. கல்யாணமும் சடங்கும் தவிர அதுவரை அவர் எதையும் படம் பிடித்ததில்லை. முதல் நாள் என்னைப் பார்த்து, “கொஞ்சம் சிரிங்களேன், மாப்பிள்ளை,” என்றார்.

குதிரை ஓடும் சத்தத்துக்கு மாரிமுத்துவைக் கூப்பிட்டோம். பழைய நாளில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் எண்ணி வேலை பிரிப்பதற்கு, தப்படித்த மனிதர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் டகடகவென்று குதிரையை ஓட விட்டார். கால் மணி நேரத்தில் மேல் லயத்து வீட்டு வரிசையிலிருந்து செல்லாயி அக்கா தலையில் கூடையோடு இறங்கி வந்துவிட்டது. பின்னால் இன்னும் ஐந்தாறு பேர். “ஞாயித்துக்கெழமையும் பெரட்டாடா? நாசமாப் போவீங்க! ஒரு நாளாச்சும் கால நீட்ட விடுறீங்களா?” அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டு, இது குதிரை, அக்கா என்றார். “குதிரையா? எங்கடா குதிர? எனக்குக் கண்ணு தெரியலயா, ஒனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?” என்று அக்கா திட்டிக்கொண்டே போனது.

குதிரை ஒரு நாள்தான் வந்தது. நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றி போட்டோ எடுக்க விடும் குதிரை. லொறியிலிருந்து இறக்கினதும் ராஜா மாதிரி நடந்தது. அண்ணன் ஏறினார். நியாஸ் நானா கெமராவைத் தூக்கினார். அவ்வளவுதான், குதிரை நின்றுவிட்டது. கழுத்தை நிமிர்த்தி, முகத்தைக் கெமராவுக்குக் கொடுத்து, சிலையாய் நின்றது. கெமராவை இறக்கினால் நடக்கும். தூக்கினால் நிற்கும். பாவம், அதற்குப் படிப்பித்தது அதுதானே. தட்டினோம், கெஞ்சினோம், கரட் காட்டினோம். கரட்டை வாங்கித் தின்றுவிட்டு மறுபடியும் போஸ் கொடுத்தது. எங்கள் எல்லோரையும்விட அதுதான் கெமராவுக்குப் பயப்படாமல் நின்றது. ஓடும் காட்சிகளையெல்லாம் பிறகு தோட்டத்து டிராக்டரில் உட்கார்ந்து இடுப்புக்கு மேல் எடுத்தோம். புகை தெரிகிறதே என்றேன். “குதிர பீடி குடிக்குதுன்னு நெனச்சுக்குவாங்க, நீ ஆடு,” என்றார் அண்ணன்.

எழுதி வைத்திருந்த முடிவு வேறு. வில்லனைச் சுட்டுவிட்டுக் கதாநாயகன் குதிரையில் ஏறி மலைக்கு அப்பால் போய்விட வேண்டும். எல்லாக் கௌபாயும் அப்படித்தான் போவான். ஆனால் இந்தக் குதிரை போனால்தானே! அண்ணன் ஏறி உட்கார்ந்திருக்கிறார், கெமரா ஓடுகிறது, குதிரை நிற்கிறது. மானாப்புல் மேட்டில் கச்சான் காற்று வீசி எங்கள் கண்ணெல்லாம் தூசி. நாங்கள் ஆளுக்கொரு பக்கம் நின்று “ஹை, ஹை” என்று கத்திக்கொண்டிருந்தோம். திடீரென்று அண்ணன் கீழே இறங்கினார். குதிரையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார்.

“வேலு, இது சரியாத்தான்டா நிக்குது. நம்ம தாத்தா காலத்துல இருந்து நம்மளப் போ, போன்னுதான் எல்லாரும் சொல்றான். கடலுக்கு அந்தப் பக்கம் போ, வடக்க போ, கொழும்புக்குப் போ. எம் படத்துலயாவது ஒருத்தன் போகாம இருக்கட்டும்.”

அன்றே தன் லயத்து வீட்டுக்கு, அந்த ஒற்றைக் காம்பராவுக்கு, எங்களைக் கூட்டிப்போனார். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, சுவரில் இருந்த ஆணியில் தொப்பியை மாட்டி, கெமராவைப் பார்த்து, “நான் எங்கயும் போகல,” என்றார். படம் முடிந்தது. கெமராவுக்குப் பின்னால் நின்ற மரகதம் அண்ணி, “அப்ப கால கழுவிட்டு உள்ள வாங்க,” என்றார். அந்தக் குரலும் பதிவாகிவிட்டது.

அதற்கு முந்திய நாள்தான் நான் செத்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சாவு. குண்டு பட்டதும் சுற்றி, மண்டியிட்டு, எழுந்து, வானத்தைப் பார்த்து, மறுபடியும் சுற்றி விழுந்தேன். விழுந்த பிறகும் ஒரு கையை இரண்டு தரம் தூக்கினேன். அண்ணன் துப்பாக்கியை நீட்டியபடியே காத்திருந்தார். “செத்துட்டியாடா?” என்று மெதுவாகக் கேட்டார். இன்னும் கொஞ்சம் இருக்கு என்றேன். “அரைப்பேர்!”

டிவிடி வெளியீடு தோட்டத்து வாசகசாலையில், ஞாயிறு பகல். ஜன்னலுக்கெல்லாம் கம்பளி கட்டி இருட்டாக்கினோம். நியாஸ் நானா பிளாஸ்டிக் பெட்டியில் புதுத் தட்டுகளோடு வந்து, முதல் தட்டை அண்ணன் கையில் கொடுத்தார். படம் ஓடியது. பெயர் எழுத்துகள் சுழன்று வந்தன, சுற்றிலும் ரோஜா இதழ் கொட்டியது. கல்யாண வேலையில் பழகின கை, என்ன செய்வது? அண்ணன் பல்லைக் கடித்தார். மற்றபடி எல்லாம் நன்றாகவே போனது. டிராக்டர்க் குதிரைக்குக் கைதட்டு விழுந்தது. கடைசிச் சண்டைக்குக் கதாநாயகன் புறப்படுகிறான். “போனா திரும்பி வருவீங்களா?” என்று மரகதம் அண்ணி கேட்கிறார். அவன் பதில் சொல்லாமல் குதிரையில் ஏறுகிறான். அடுத்தது என் சாவு. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

திரை முழுக்க ரோஜா இதழ். இதழ் விலகினால், சிவப்புப் பட்டுப் பாவாடை, நெத்திச்சுட்டி, கழுத்து நிறைய மாலையோடு ஒரு சின்னப் பெண். யாரோ ஆலாத்தி சுற்றுகிறார்கள். நாதஸ்வரம்.

சடங்கு வீடியோ! பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையாகிவிட்டது. நான் எழுந்து மெசினை நிறுத்த ஓடினேன். “ஒக்காருடா, மறைக்காத!” என்று செல்லாயி அக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்தது. திரும்பிப் பார்த்தால் மண்டபத்தில் ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. மூக்குச் சிந்தும் சத்தம் கேட்கிறது. சண்டைக்குப் போன கதாநாயகன் திரும்பவில்லையாம். அவன் மகள் பெரியவளாகிவிட்டாளாம். அப்பன் நிற்க வேண்டிய இடத்தில் யாருமில்லையாம். “அம்மா எங்க? மரகதத்தக் காணோமே?” என்று ஒரு குரல். “கவலையில செத்திருப்பா. இது சின்னம்மாவா இருக்கும்,” என்று இன்னொரு குரல். மாமன் சீர், மஞ்சள் நீர் எல்லாவற்றையும் ஒன்பது நிமிடம் பார்த்து அழுதார்கள். முடிந்ததும் செல்லாயி அக்கா அண்ணனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டது. “என்னா படம்டா சாமி! போனவன் வரவே இல்லயே. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து எம் மனசே ஒடஞ்சி போச்சு.”

அண்ணன் அந்தக் கைகளைத் தட்டிக் கொடுத்து அனுப்பினார். கூட்டம் கலைந்த பிறகு என் தோளைப் பிடித்து, “அவன் போகலடா வேலு. வந்துட்டான்டா. ஆணியில தொப்பிய மாட்டிட்டான்டா,” என்றார். நான் அதுவரை அவரை அப்படிப் பார்த்ததில்லை.

நியாஸ் நானா தலையில் கை வைத்துக்கொண்டார். ஒரே நாளில் முடித்த இரண்டு வேலை. கடைசிப் பகுதி ஒன்றுக்கொன்று மாறிப்போய்விட்டது. எல்லாத் தட்டும் அப்படித்தான். சரி, திருப்பிச் செய்து தாருங்கள் என்றால், கம்பியூட்டரில் அழித்துவிட்டாராம். கெமரா கெசட்? “மன்னிச்சுக்கொள்ளுங்க. நீங்க மௌத்தானதுக்கு மேலதான் பண்டாரவளைக் கல்யாணம் ஈக்குது,” என்றார் என்னைப் பார்த்து. நான் சாகும் காட்சிக்கு மேலேயே கல்யாணத்தைப் பதிந்துவிட்டாராம். அடித்திருப்பேன். ஆனால் மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

மிச்சம் ஒரே ஒரு தட்டு, சடங்கு வீட்டில். தெமோதரைப் பக்கத்து லயம். அண்ணனும் நானும் ரயில் ஏறினோம். நாங்கள்தான் அந்தப் படத்துக்காரர்கள் என்று நிரூபிக்க வேண்டுமே என்று அண்ணன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். அந்த வீட்டுக்காரி பாக்கியம் தேத்தண்ணி கொடுத்து, தட்டைப் போட்டுக் காட்டியது. ஆலாத்தி முடிகிற நேரத்தில் மானாப்புல் மேடு வந்தது. நான் சுடப்பட்டேன். நான் சுற்றச் சுற்ற என் மேல் இருதய வடிவத்தில் இதழ் கொட்டியது. நான் கடைசியாகக் கையைத் தூக்கியபோது, “நன்றி, உற்றார் உறவினர்” என்ற எழுத்து என் கைக்கு மேல் சுழன்று நின்றது. “எல்லாருக்கும் இது ரொம்பப் புடிச்சிருக்குங்க. கடைக்காரரு சும்மா போட்டுக் குடுத்தாரு போல,” என்றது பாக்கியம். அதற்குப் பிறகு அண்ணன் திரையில் ஆணியில் தொப்பியை மாட்டினார்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூடம் விட்டு மகள் சுகந்தி வாசலில் வந்து நின்றாள். அண்ணனைப் பார்த்தாள், அவர் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். புத்தகப் பை கீழே விழுந்தது.

“அம்மா! தொப்பி அப்பா வந்திருச்சு!”

பாக்கியம் எங்களைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. புருசன் கொழும்புக்கு வேலைக்குப் போனவர். சுகந்தி நடக்கத் தொடங்கும் முன் போனவர், திரும்பவே இல்லை. வீட்டில் ஒரு போட்டோகூட இல்லை. சடங்கு வீடியோவின் முடிவில் ஒரு ஆள் வீட்டுக்குள் வந்து, எங்கயும் போகல என்கிறார். பிள்ளை அதுதான் தன் அப்பா என்று முடிவு செய்து, பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லியிருக்கிறது. “நான் இல்லன்னு சொல்லல அண்ணே. சொல்ல வாய் வரல. தப்புதான்.”

அண்ணன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். “நல்லாப் படிக்கிறியா தாயி?” என்றார். கணக்கில் எத்தனை புள்ளி என்று கேட்டார். குறைவு என்றதும், “அரைப்பேர்,” என்றார். பிள்ளை சிரித்தது.

திரும்பி வரும் ரயிலில் நான் கோபத்தில் குதித்தேன். தட்டைப் பிரதி எடுக்க ஒரு மணி நேரம் போதுமே, ஏன் கேட்காமல் வந்தீர்கள் என்று கத்தினேன். பெட்டியே திரும்பிப் பார்த்தது.

“நாம அத வெளியிட்டா, இது வெறும் சினிமாடீன்னு அந்தப் புள்ளைகிட்ட நூறு பேரு சொல்லுவான். வேணாம்டா.”

“அப்ப நம்ம ஆளுங்க? அவன் போயிட்டான்னே நெனச்சுக்கிட்டு இருக்கட்டுமா?”

மடியிலிருந்த தொப்பியின் தூசியைத் தட்டினார். “இருக்கட்டும்,” என்றார். அவருக்கு அது எவ்வளவு வலித்தது என்று எனக்குத் தெரியும். எனக்கும் வலித்தது, அது வேறு வலி.

“என் சாவு? அத ஒருத்தனும் பாக்கலயே அண்ணே!”

“நான் பாத்தேன்ல. நல்லாத்தான்டா செத்திருக்க. ஒனக்கு முழுப்பேர்.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

அந்த வருடத்திலிருந்து தீபாவளிக்குத் தீபாவளி தொப்பியோடு தெமோதரை போனார். ஊர் வாய் சும்மா இருக்குமா? ஒரு நாள் மரகதம் அண்ணி அகப்பையோடு வாசலில் நின்று, “தெமோதரையில ஒங்களுக்கு ஒரு மக இருக்காமே?” என்று கேட்டார். நான் தபால் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நழுவப் பார்த்தேன். “வேலுத் தம்பி, நீயும் நில்லு!” அண்ணன் எல்லாவற்றையும் சொன்னார். அண்ணி கேட்டுவிட்டு உள்ளே போனார். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் சோறு இல்லை. அடுத்த தீபாவளிக்குப் பாவாடை சட்டைத் துணி வாங்கிக்கொண்டு அண்ணியும் கூடவே போனார்.

சுகந்தி இப்போது பதுளையில் நர்ஸ். சாவு வீட்டுக்கு வந்து, எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை அவள் வில்லன் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

“வில்லன் மாமா, எனக்குப் பதினாறு வயசுலயே தெரியும். அம்மா சொல்லிருச்சு.”

“அடிப் பாவி! பொறகு ஏன் பேசாம இருந்த?”

“எனக்குத் தெரிஞ்சிருச்சுன்னு சொன்னா, தொப்பி அப்பா வர்றத நிப்பாட்டிருமோன்னு பயமா இருந்துச்சு.”

அவருக்குப் பயம் அவள் மனம் உடையுமென்று. அவளுக்குப் பயம் அவர் வரமாட்டாரென்று. நடுவில் பதினைந்து வருடமாக மாட்டிக்கொண்டது என் சாவு. கைப்பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்து என் மடியில் வைத்து, “போட்டுருங்க மாமா. எல்லாரும் பாக்கட்டும்,” என்றாள்.

கருமாதியன்று பகல், அதே வாசகசாலை, அதே கம்பளி. நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். நியாஸ் நானா இந்த முறை தட்டை மூன்று தரம் சரிபார்த்துவிட்டுத்தான் போட்டார். சுகந்தியின் சடங்கு ஓடி, அது முடியும் இடத்தில் மானாப்புல் மேடு வந்தது. என் சாவுக்கு நீங்கள் சிரித்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். சோக நடிப்பு என்று நான் நினைத்திருந்ததற்கு ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். போகட்டும், கருமாதி வீட்டில் ஒரு சிரிப்பு விழுந்ததே. பிறகு அண்ணன் குதிரையில் ஏறினார். குதிரை நின்றது. அண்ணன் இறங்கினார். காம்பராக் கதவைத் தள்ளினார். தொப்பியை ஆணியில் மாட்டினார்.

“நான் எங்கயும் போகல.”

“அப்ப கால கழுவிட்டு உள்ள வாங்க,” என்றது அண்ணியின் பழைய குரல். வெள்ளைச் சேலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

செல்லாயி அக்கா எழுந்து நின்றது. இப்போது அதற்குக் கண் பாதிதான் தெரியும். திரைக்குக் கிட்டப்போய் அண்ணன் முகத்தை உற்றுப் பார்த்தது. “அடப் பாவி மவனே! நீ போகவே இல்லயா? இத்தன வருசமா ஒனக்காக அழுதுக்கிட்டு இருந்தேனேடா!” என்று திட்டியது. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்போதுதான் அழுதது.

மாலையில் அண்ணி என்னைக் காம்பராவுக்குள் கூப்பிட்டார். ஞாபகமாக வைத்துக்கொள் என்று ஆணியிலிருந்த தொப்பியைக் காட்டினார். நான் கையை நீட்டினேன், பிறகு பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

“அது அங்கயே இருக்கட்டும் அண்ணி. அவருதான் போகலன்னு சொல்லிட்டாருல்ல. எனக்கு அந்த ரயில்ல குடுத்த முழுப்பேர் போதும்.”